முகங்களுக்குப் பெயர் கேட்டவள்

அவளுடைய விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். தூத்துக்குடியில் இறால் கம்பெனிக்குப் போகிற பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கைவிட்டு, இறாலின் ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பைச் சதை பிய்யாமல் இழுத்தெடுக்கிற வேலை. அந்த விரல்களால்தான் எங்கள் குடும்பப் படங்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. மாடியில் வீடு. அந்த மார்கழி வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்து ஐந்தாறு நாள் இருக்கும். ஊறி உப்பிய நோட்டுக் கட்டுகளை நானும் வீட்டுக்காரரும் வாரி வாசலில் குவித்துக்கொண்டிருந்தோம். மாடி அலமாரியில் இடமில்லை என்று கடையின் கீழ்த்தட்டில் வைத்திருந்த போட்டோ ஆல்பங்களையும் அந்தக் குவியலின் மேல்தான் போட்டேன். போடும்போது அழுதேன்தான். ஆனால் அந்த வாரம் ஊரே அழுதுகொண்டிருந்தது, யாரும் யாரையும் கவனிக்கவில்லை.

"ஏக்கா, இத எதுக்கு இங்கன போட்டிருக்கீய?"

நிமிர்ந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். அதற்குள் ஒரு ஆல்பத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சும்மா. இனி என்னத்துக்கு ஆவும்?"

"காயலையேக்கா. ஈரம் இருக்கிற வரைக்கும் பிரிச்சிரலாம். ஒரு சட்டில நல்ல தண்ணி தாங்க."

நல்ல தண்ணீருக்கு அன்றைக்குப் பெரும்பாடு. லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்திக்குக் குடிக்கிற தண்ணீரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ரெண்டு குடம் நான் பிடிச்சுத் தாரேன்" என்றாள். கொடுத்தேன். மறுநாள் சொன்னபடி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடத்தோடு வந்தாள்.

கடைப் படியில் உட்கார்ந்து படங்களைக் கொத்தாகத் தண்ணீரில் போட்டாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டாள். பிறகு ஓரத்தில் நகம் படாமல் விரல் நுனியை விட்டு, மெதுவாக, மிக மெதுவாகப் பிரித்தாள். பிரியாததைத் திரும்பவும் தண்ணீரில் விட்டாள். "மொகத்துல கைய வைக்காதீய, ஓரத்தப் பிடிங்க. வெயில்ல போடாதீய, சுருண்டுரும்." மாடியில் நிழலாகப் பார்த்துக் கொடி கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பாதிக்கு மேல் பிழைத்தன. பழைய ஸ்டுடியோப் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சமீபத்தில் பிரிண்ட் போட்டவைதான் கரைந்து போயிருந்தன.

பிரிக்கும்போதே ஒவ்வொரு படத்துக்கும் கேட்டாள்: "இது யாருக்கா? இவுக?" பின்வரிசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவரைக் கூட விடவில்லை. பொழுது போவதற்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயில் பூசை முடிந்து பத்து மணிக்கு வந்துவிடுவாள். படங்களை மறுபடி பிளாஸ்டிக் ஆல்பத்துக்குள் வைக்கவே கூடாது என்று பிடிவாதம். "அந்தப் பசைத்தாள்தான்க்கா பாதியக் கெடுத்துச்சு. நீங்க கடை வச்சிருக்கீய, ஒங்களுக்கா தாள் இல்ல?" பள்ளிப் பிள்ளைகள் பழம், பூ, தலைவர்கள் படமெல்லாம் ஒட்டுகிற ஸ்கிராப் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று அழகாகத்தான் இருந்தது. விரலை நனைத்து ரோஸ் தாளில் ஒரு தேய் தேய்த்தாள். விரல் ரோஸானது. நோட்டை மூடித் திருப்பித் தந்தாள். கடைசியில் கெட்டியான கறுப்புச் சார்ட்டை வெட்டி, என் வீட்டுக்காரர் சணல் நூலால் தைத்துக் கொடுத்தார். பசை கிடையாது. நாலு மூலைக்கும் காகிதத்தில் சின்ன முக்கோணம் மடித்து, அதற்குள் படத்தைச் செருக வேண்டும். வேண்டுமென்கிறபோது கழற்றி எடுக்கலாம்.

தைத்தாயிற்று. முதல் பக்கத்தில் எதை வைப்பது? வருஷவாரியாக அடுக்கலாம் என்று தரையில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு உட்கார்ந்திருந்தேன். எது முன், எது பின் என்று தெரியாமல் தலை சுற்றியது.

"அடுக்க ஆரம்பிச்சா அடுக்கிக்கிட்டேதான் இருப்பீய. எத விட மனசு வராதோ அத ஒண்ண எடுங்க. இன்னைக்கு அந்த ஒரு பக்கம் போதும்."

எங்கள் அம்மா திருச்செந்தூர் கடலில் நிற்கிற படத்தை எடுத்தேன். சேலை முழங்கால் வரை நனைந்திருக்கும். வாய் திறந்திருக்கும்.

"என்ன சொல்லுதாவ?"

"யாரு?"

"அம்மா. வாய் தொறந்திருக்குல்லா. என்னமோ சொல்லுதாவ."

யோசித்தேன். அலை அம்மாவின் செருப்பை இழுத்துக்கொண்டு போனது. அப்பா செருப்பைப் பிடிக்க ஓடினார். அம்மா கத்தினாள், "செருப்பு போனாப் போவுது, பிள்ளயப் பிடிங்க!" பிள்ளை நான். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அம்மா போய்ப் பதினொரு வருஷம்; அந்தக் குரலை அன்றைக்குத்தான் மறுபடி கேட்டேன்.

"அதத்தான் எழுதணும். 'திருச்செந்தூர், அம்மா'ன்னு எழுதினா பஸ் போர்டு மாதிரில்லா இருக்கும்."

எழுதினேன். அப்படித்தான் என் புத்தகம் ஆரம்பமானது. பிறகு படங்களோடு மற்றதும் சேர்ந்தன. அம்மா கையெழுத்தில் ஒரு பலசரக்குச் சீட்டு, மகனுக்கு மொட்டையடித்த அன்றைய பஸ் டிக்கெட், என் கல்யாணப் பத்திரிகையின் கிழிந்த மூலை.

பெயர் விஷயத்தில் மட்டும் அவள் விடாக்கண்டி. 'தெரியாது' என்றால் முகம் வாடிப்போகும். மகனுடைய காதுகுத்துப் படத்தில் தூணோரம் ஒருவர் நிற்பார். அவர் யார் என்று தெரிந்துகொள்ள உடன்குடியில் மாமனார் வழி அண்ணாச்சி ஒருவருக்குப் போன் போட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, சாயங்காலம் பதில் வந்தது: மாமனார் கடைக்குச் சைக்கிளில் கருப்பட்டி கொண்டுவந்து போட்டவர். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏளா, ரெண்டு பேரும் சென்சஸ் எடுக்குதியளா?" என்றார். அவள் படத்தின் பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் அந்தப் பெயரை எழுதி, எழுதியதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தாள். அப்படிப் படித்தால்தான் அவளுக்குத் திருப்தி.

அப்பா காலமான பிறகு அவர் வீட்டுப் படங்களும் என்னிடம்தான் வந்திருந்தன. அதில் என் கல்யாணப் படம் ஒன்று. எனக்கு இடப்பக்கம் பச்சைத் தாவணியில் ஒருத்தி நிற்பாள். கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை. அப்பா சவர பிளேடால் சுரண்டியது.

"அந்த ஓரத்த வெட்டிரு" என்றேன்.

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "ஆள வெட்ட மாட்டேன்க்கா. இது யாரு?"

"யாரோ."

படத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். அடுத்த ஞாயிறு அது கட்டின் மேலே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. நான் சொன்னேன்: அது என் தங்கை செல்வி. என் கல்யாணத்துக்கு மறுவருஷம், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், உப்பு லாரி ஓட்டுகிற ஒருவரோடு போய்விட்டாள். அவர் வேறு சாதி. செத்துப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொன்னார். நாங்களும் அப்படியே நடந்துகொண்டோம். அப்பாவின் சாவுக்குக்கூட யாரும் அவளுக்குச் சொல்லிவிடவில்லை.

"இப்ப எங்க இருக்காவ?"

"கயத்தாறுன்னு கேள்வி."

"கயத்தாறா? ஒன்றரை மணி நேரம்." என் முகத்தையே பார்த்தாள். "இருபத்திரெண்டு வருசமாவா பஸ் கெடைக்கல?"

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவள் முதல் பூசைக்குப் போய்விட்டு ஏழரை மணிக்கே வந்து கடை வாசலில் நின்றபோது நான் சேலை மாற்றித் தயாராக இருந்தேன். முந்திரி மக்ரூன் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டோம்.

கயத்தாற்றில் டீக்கடையில் விசாரித்து, நான்குவழிச் சாலைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் போய் நின்றோம். செல்வி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கூட வந்தவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது. எழுந்து நின்று, "வாக்கா" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் எடுக்க உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது செம்பில் பாதிதான் இருந்தது, மீதி அவள் சேலையில் இருந்தது.

நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள், சொல்லவிடவில்லை. பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். உள்ளே அதே கல்யாணப் படம். ஸ்டுடியோக்காரர் போட்டுக் கொடுத்த இன்னொரு காப்பி.

"போவும்போது ரெண்டு சேலையும் இதுவும்தான் எடுத்தேன். எல்லாரும் இதுல இருக்கீயல்லா."

அதில் அவளுக்கு முகம் இருந்தது. கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் இருவரும் அழுதுகொண்டிருந்தபோது கூட வந்தவள் ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைச் சாய்த்து வைத்துப் போனில் காப்பி எடுத்தாள். எடுத்துவிட்டுச் செல்வியிடம் கேட்டாள்: "இந்தத் தாவணி யாரோடது?"

"அக்காளோடது. கேக்காம எடுத்து உடுத்திக்கிட்டேன். அன்னைக்கு அக்காளால என்ன ஏச முடியாதுல்லா, பொண்ணா உக்காந்திருக்கா."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஊர்ப் படத்தையெல்லாம் கழுவுத. ஒன் வீட்டுப் படத்த ஒருநாள்கூடக் காட்டலயே?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் கணவர் கல்யாண வீடியோக்களுக்கு லைட் பிடிக்கிறவர். மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருஷம். அவர்கள் கல்யாண ஆல்பம் சின்னது. சுவரில் பெரிதாக்கி மாட்டிய படம் ஒன்று. அவள் தெரு எங்கள் தெருவைவிடத் தாழ்வு. தண்ணீர் ஏறியதும் கட்டிய துணியோடு சித்தி வீட்டு மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது சுவர்ப் படத்தில் முகம் இருந்த இடத்தில் நீலமும் மஞ்சளும் வழிந்திருந்தன. ஆல்பத்தை வெயிலில் காயவைத்தாள்.

"நல்லாக் காஞ்ச பெறவு பிரிச்சேன். மொகமெல்லாம் அடுத்த படத்தோட முதுகுல ஒட்டிக்கிட்டு வந்துட்டு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கம்பெனி மேடம் சொன்னாவ, தண்ணிலயே போட்டிருக்கணும்னு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் என்னோடதக் கெடுத்துட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்க்கா."

"அவுக போன்ல படம் இல்லையா?"

"அதுவும் தண்ணிக்குள்ளதான். ஆதார் கார்டுல ஒண்ணு இருக்கு. அதப் பாத்தா அவுகளுக்கே அவுகளத் தெரியாது." ஜன்னல் கம்பியை விரலால் தடவினாள். "ஊர்ல பாதிக் கல்யாணத்துல நின்னிருக்காவ. லைட்டுக்குப் பின்னால நிக்கிறவுக படத்துல எப்படி விழுவாவ? ஆனா எங்கயாவது ஒரு ஓரத்துல, கண்ணாடில, சாப்பாட்டுப் பந்தில..."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அவுக மொகத்தத் தேடித்தான் எங்க கடை வாசல்லயும் வந்து நின்னியா?"

"மொதல்ல அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் மறைக்காமல். "பெறவு ஒங்க வீட்டு ஆளுகள்லாம் யாரு யாருன்னு தெரிஞ்சு போச்சா, விட முடியல."

சுருக்கென்றது. ஒரு ஐந்து நிமிஷம்தான். பிறகு அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் கை சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு நானும் தேட ஆரம்பித்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பேன், உங்கள் வீட்டு ஆல்பத்தில் லைட்காரர் எங்கேயாவது விழுந்திருக்கிறாரா என்று. சிலர் சிரித்தார்கள். சிலர் ஆல்பத்தையே கொண்டுவந்தார்கள். ஒரு வெளிச்சம், ஒரு ஸ்டாண்டின் கால், ஒரு கை. முகம் கிடைக்கவில்லை. இதற்கிடையில் இறால் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். குஜராத்தில் ஒரு மீன் கம்பெனிக்குச் சூப்பர்வைசராகக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். ரயில் ஏறுகிற அன்று என் புத்தகத்தின் மீதிப் பக்கங்களை எண்ணிப் பார்த்து, "இன்னும் நிறைய கெடக்கு, சும்மா விட்டுராதீய" என்றாள்.

அவள் போன ஐந்தாம் மாதம் ஒரு அம்மாள் தன் நாத்தனார் கல்யாணப் படத்தோடு வந்தார். பந்தி முடிந்து எல்லா இலையும் எடுத்தாயிற்று. கடைசி மேசையில் ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் மடக்கிய லைட். இவர்தானோ? நான் அவள் கணவரைப் பார்த்ததே இல்லையே! படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். மதியம் குரல்பதிவு வந்தது. பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம்.

"அவுக இல்லக்கா. அவுகளுக்குக் காது நல்லா விரிஞ்சிருக்கும்." பிறகு குரலை உயர்த்திக் கேட்டாள்: "இவரு யாருன்னு கேட்டீயளா? கேட்டு வைங்க. பாவம், எல்லாரும் எந்திரிச்ச பெறவு ஒத்தைல உக்காந்து சாப்பிடுதாரு."

எனக்கு அந்த மனிதரால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவள் சொல்லிவிட்டாளே என்று விசாரித்தேன். வீடியோக்காரர் மூலமாக ஆளைப் பிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். கடைக்கு வந்து தன் படத்தைப் பார்த்து, "என்னையப் போய் யாரு தேடுனது?" என்று வெட்கப்பட்டார். நான் அவள் கணவர் பெயரைச் சொன்னேன்.

"அவனா? என்கூட நாலு வருசம் லைட் பிடிச்சாம்லா!" என்றவர் சட்டென்று நிறுத்தி, "ஒரு படம் இருக்கும் தாயி" என்றார்.

மாப்பிள்ளை பெண் மேடைக்கு வருவதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, யாரையாவது அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேமராக்காரர் ஒரு படம் எடுப்பாராம். அநேகமாக லைட் பிடிக்கிறவர்களில் ஒருவரைத்தான். வேலை முடிந்ததும் அந்தப் படங்களை அழித்துவிடுவார்கள். ஒருமுறை மட்டும் விளையாட்டாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் கொண்டுவந்தார். சிவப்பு மெத்தை வைத்த பெரிய நாற்காலி. அதில் கால் மேல் கால் போட்டு, இரண்டு கைப்பிடியிலும் கையை வைத்து, ராஜா மாதிரி ஒருவர். சட்டை கசங்கியிருக்கிறது. காது விரிந்திருக்கிறது. வாய்கொள்ளாத சிரிப்பு. முழு வெளிச்சமும் அவர் முகத்தில்.

அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"எங்க கல்யாணத்துல ஃபாதர் பேசிக்கிட்டு இருக்காவ, இவுக திரும்பித் திரும்பி லைட்டயே பாத்துக்கிட்டு இருந்தாவக்கா. சரியாப் பிடிக்கானா, சரியாப் பிடிக்கானான்னு. ஒரு படத்துலயும் நேரா இல்ல. அதுக்கு எம்புட்டுச் சண்ட போட்டிருக்கேன்..." குரல் உடைந்தது. "இதுல நேராப் பாக்காவ."

"ஆமாளா. நேராத்தான் பாக்காரு."

"தபால்ல விடாதீய. வந்து என் கையால வாங்கிக்கிடுதேன்."

ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாள். லீவு கிடைக்கவில்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு என்றாள். அதுவும் போயிற்று. இப்போது கிறிஸ்துமஸ் என்கிறாள். படம் பழுப்புக் கவருக்குள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. செல்வி மாதம் ஒருமுறை வரும்போதெல்லாம் முதலில், "அவுக எப்ப வாராவ?" என்றுதான் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. ஆனாலும் பத்து மணியானால் கீழே இறங்கி வந்து, ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஷட்டரைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.